டெம்பரவரி அண்ணனும் கொரியக் கும்பிடும்

ஓசூர் தொழிற்பேட்டையில் டெம்பரவரி அண்ணன் செய்யாத வேலை என்று ஒன்று இருந்தால், அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். பிஸ்கட் சுட்டிருக்கிறார். பெயின்ட் அடித்திருக்கிறார். கிரானைட் அறுத்திருக்கிறார். சீசனில் கிருஷ்ணகிரிக்குப் போய் மாம்பழக் கூழ் காய்ச்சியிருக்கிறார். ஜவளகிரிப் பக்கம் யானை விரட்டும் வேலைக்குக்கூடப் போனார். அங்கே யானைகள்தான் அவரை விரட்டின என்பது வேறு விஷயம்.

அவருடைய நிஜப் பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு வருஷம் ஒரே லாட்ஜ் அறையில் ஒரே மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தும் எனக்குத் தெரியாது. லாட்ஜ் ஓனருக்கு டெம்பரவரி, கீழே மெஸ் நடத்துகிற பாய்க்கு டெம்பரவரி, எனக்கு டெம்பரவரி அண்ணன். அவரே ரோட்டில் யாரையாவது கூப்பிட்டு, "நான்தாம்பா, டெம்பரவரி" என்றுதான் சொல்வார்.

இந்தப் பெயருக்குக் காரணம் தொண்ணூறுகளின் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு வழக்கம். காண்ட்ராக்டர் மூலமாக ஆள் எடுப்பார்கள். அந்த ஆள் வேலையைக் கற்றுக்கொண்டு, நன்றாகச் செய்து, சூப்பர்வைசரிடம் நல்ல பெயர் வாங்கி, சட்டப்படி நிரந்தரம் ஆக்க வேண்டிய நாள் நெருங்கும்போது, 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் அடுத்த கம்பெனி கேட்டுக்குப் போவார். அங்கேயும் அதே கதை. அண்ணன் இப்படியே பேட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய், திரும்பவும் இந்த முனைக்கு வந்துகொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் வாழ்க்கை வெறுத்துப் போயிருக்கும். அண்ணனுக்கு வெறுக்கவே தெரியாது. எந்த வேலையில் சேர்ந்தாலும் அன்று சாயங்காலமே அதுதான் உலகத்தில் உயர்ந்த வேலை. பிஸ்கட் கம்பெனியில் இருந்தபோது மெஸ் பாயின் தோசையை மோந்து பார்த்து, "அர நிமிசம் முன்னாடி எடுத்திருக்கணும் பாய்" என்பார். பெயின்ட் அடிக்கிற வேலையில் இருந்தபோது ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற எந்த பஸ்ஸையும் விரலால் தடவாமல் ஏறியதில்லை. செக்யூரிட்டி வேலையில் இருந்த மாதங்கள்தான் எங்களுக்கு மகா கஷ்டம். நான் டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால் வாசலில் நின்று கையை நீட்டுவார்.

"பையத் தொறங்க."

"அண்ணே, இது நம்ம ரூம்."

"இருந்தா என்னா? ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். டிபன் பாக்ஸயும் தொறங்க."

திறந்து காட்டினால் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து உள்ளே விடுவார். பிறகுதான் மனிதராகச் சிரிப்பார்.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு குறை. கல்யாணம். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் இருப்பதாக யாரோ சொல்ல, தனியாகவே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளையை ஃபிட்டரா வெல்டரா என்று யாரும் கேட்பதில்லை. பர்மனென்ட்டா டெம்பரவரியா, இதுதான் கேள்வி. பெண்ணின் அப்பாவும் அதைத்தான் கேட்டார். அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். உண்மையைச் சொன்னார்.

அந்தப் பெரியவர் கேழ்வரகும் கொள்ளும் விதைக்கிற மானாவாரி விவசாயி. அவர் சொன்னாராம்: "தப்பா நெனைக்காதீங்க. எங்க பொழப்பே வானத்தப் பாத்துகினு கெடக்கறது. மாப்ளயோட வேலயும் அதே மாதிரி இருந்தா எம் பொண்ணு எங்கங்க போவும்? பர்மனென்ட் ஆனதும் வாங்க. அன்னிக்கே தேதி வெச்சிக்கலாம்."

அண்ணன் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்திருக்கிறார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண், தலையைத் திருப்பாமலே, "சீக்கிரம் ஆவுங்க. எங்கப்பா மறந்துடுவாரு, நான் மறக்க மாட்டன்" என்றாளாம்.

இந்த ஒரு வரியை அண்ணன் எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. பல் விளக்கும்போது சொல்வார். பஸ்ஸில் தொங்கும்போது சொல்வார். "பாத்தியா தம்பி, மறக்க மாட்டாளாம்!" என்று சொல்லிவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுப்பார். அந்தப் பெண் சொன்னதற்கு என் முதுகு ஏன் வாங்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணன் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். நான் அங்கே ஸ்டோர்ஸ் கிளார்க். பற்சக்கரம் செய்கிற கம்பெனி. எல்லோரும் 'கியர் கம்பெனி' என்போம். அண்ணன் வழக்கம்போல் காண்ட்ராக்ட் ஆள். அவர் வந்து சில மாதங்களில் ஒரு செய்தி பேட்டையையே கலக்கியது. கொரியாவிலிருந்து எங்களுக்கு ஒரு பெரிய மெஷின் வருகிறது! கூடவே அதை ஓட்டிக் காட்ட மூன்று கொரிய இன்ஜினியர்களும் வருகிறார்கள்!

பர்சனல் மேனேஜர் எங்களை எல்லாம் கேன்டீனில் கூட்டினார். "புது லைனுக்கு ஆள் எடுக்கறது அந்த இன்ஜினியர்ங்க கையிலதான் இருக்கு. எடுத்தவங்க எல்லாம் பர்மனென்ட்" என்றார். கூட்டத்தில் கடைசியில் நின்ற அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நான் ஊத்தங்கரை வரைக்கும் போய் வந்துவிட்டேன்.

மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். கொரியர்கள் மரியாதைக்கு மிகவும் மதிப்புக் கொடுப்பவர்கள். அதனால் அவர்கள் வரும் நாளில் ஒவ்வொருவரும் தன் வேலை என்ன என்பதைக் கொரிய மொழியிலேயே பணிவாகச் சொல்ல வேண்டும். அதற்காக பெங்களூரிலிருந்து ஒரு கேசட் வாங்கி வந்திருக்கிறார். முதன்முதலாகக் கொரிய மொழி படிப்பவர்களுக்கான பாடம். "யார்கிட்டயாவது டேப் ரெக்கார்டர் இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணனின் கை கூரையைத் தொட்டது. உலகத்தில் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து ஒரு டேப் ரெக்கார்டர்தான்.

அன்று சாயங்காலமே மெஸ்ஸில் வகுப்பு தொடங்கிவிட்டது. மேஜைமேல் டேப் ரெக்கார்டர், அதைச் சுற்றி நாங்கள், கரண்டியோடு மெஸ் பாய். கேசட்டில் ஒரு அம்மாள் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கி, பிறகு கொரிய மொழியில் சொன்னார். அண்ணனுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அந்தக் குரலை அவர் கேட்ட விதத்தைப் பார்த்தால், அந்த அம்மாள் அவருடைய சொந்த அத்தை என்று நினைப்பீர்கள். உடனுக்குடன் எங்களுக்குத் தமிழில் சொன்னார். ஓசூர்க்காரர்களுக்குக் கன்னடத்தில் சொன்னார். பாகலூர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தெலுங்கிலும் சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. புது ஆளப் பாத்தா மொதல்ல குனியணும். தலைய மட்டும் ஆட்டனா அது நம்மூரு. கொரியாவுல இடுப்புலேருந்து குனியணும். குனிஞ்சிட்டு, 'அன்யொங் ஹாசிம்னிக்கா'. அது வணக்கம். அப்பறம் 'ஜொ-நுன்'. அது நான். அப்பறம் வேலை. கடைசில 'இம்னிதா'. அத முழுங்கிட்டீங்கன்னா மரியாதயே போச்சி."

"எவ்ளோ குனியறது?" என்று கேட்டார் ஒரு தொந்திக்காரர்.

"பாய் எலைல சோறு போடறப்ப குனியறாரு பாருங்க, அந்த அளவு."

மெஸ் பாய் உடனே இலைபோட்டுக் காட்டினார். எங்கள் கொரியக் கும்பிடு அந்த அளவில்தான் அமைந்தது.

அந்த அம்மாள் இன்னொரு விஷயமும் சொன்னார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஒருபோதும் உயர்த்திச் சொல்லக் கூடாது. கேட்கிறவர் நம்மைவிடப் பெரியவர் என்று நினைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி தாழ்மையாகச் சொல்ல வேண்டும். இது அண்ணனுக்கு அப்படியே நெஞ்சில் இறங்கிவிட்டது. "கேட்டீங்களா, கேட்டீங்களா! உள்ளத உள்ளபடி!" என்று மேஜையைத் தட்டினார்.

தட்டிய வேகமோ என்னவோ, டேப் ரெக்கார்டர் கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. திறந்து பார்த்தால் கேசட்டின் நாடா முழுக்க அதன் வயிற்றுக்குள் சுருண்டு கிடந்தது. பென்சில் விட்டுச் சுற்றினோம், ஊதினோம், வேண்டிக்கொண்டோம். வேலையைச் சொல்கிற பாடம் வரைதான் தப்பியது. கடைத்தெருவில் விலை கேட்பது, வழி கேட்பது, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பது எல்லாம் போயே போய்விட்டன. ஆக, பசித்தால் சோறு கேட்கத் தெரியாது, தொலைந்து போனால் வழி கேட்கத் தெரியாது, ஆனால் யார் கேட்டாலும் என்ன வேலை என்று பணிவாகச் சொல்லத் தெரியும் என்ற நிலையில் எங்கள் கொரிய மொழி நின்றுபோனது.

அண்ணன் அசரவில்லை. "இது போதும்யா! யாரு நீ, என்னா வேல, இத மரியாதயா சொல்லிட்டா மிச்சத்த அவுங்க பாத்துப்பாங்க" என்றார். தப்பிய பாடத்தையே திரும்பத் திரும்பப் போட்டார். மெஸ்ஸில் ஆரம்பித்தது தெருவுக்குப் பரவியது. முடிவெட்டுகிற கன்னடக்காரர் கத்தரியோடு குனிந்து பழகினார். லாட்ஜ் ஓனர் காலையில் எங்களை எழுப்ப "அன்யொங் ஹாசிம்னிக்கா" என்று கதவைத் தட்டினார்.

தளி ரோட்டு டவுன் பஸ் டிரைவர் அண்ணனின் பழைய சிநேகிதர். அவருக்கு வண்டியில் வைத்தே பாடம் நடந்தது. 'உன்ஜொன்சா' என்றால் டிரைவர். அவரும் ஆர்வமாக, "ஜொ-நுன் உன்ஜொன்சா இம்னிதா" என்று சொல்லி, ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங்மேல் நெற்றி படும்படி குனிந்தார். தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா போட்ட சத்தத்தில் வண்டியே நின்றுவிட்டது.

"யோவ்! ரோட்டப் பாத்து ஓட்டுய்யா! கும்புடறத எறங்கனப்பறம் கும்புடு!"

அடுத்து வந்தது பெரிய சிக்கல். கேசட் அம்மாள் தன் பாடத்தில் சொல்லிக்கொடுத்த வேலைகள் கொஞ்சம்தான். கம்பெனி ஊழியர், ஆசிரியர், டாக்டர், நர்ஸ், மாணவர், சமையல்காரர், டிரைவர், போலீஸ். டர்னர் இல்லை, ஃபிட்டர் இல்லை, கிரைண்டர் இல்லை. கொரிய மொழியில் ஃபிட்டருக்கு என்ன சொல்வது என்று யாரைக் கேட்பது? பெங்களூரில் வேறு கேசட் கிடைக்கவில்லை.

"எல்லாருமே கம்பெனி ஊழியர்னு சொல்லிட்டா என்ன?" என்றேன் நான்.

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்பறம் அவுங்க எப்டி ஆள் எடுப்பாங்க? யாரு எந்த வேலைக்குத் தோதுன்னு தெரிய வேணாமா? இருக்கற வேலய நம்ம ஆளுங்களுக்குப் பிரிச்சிக் குடுத்தா முடிஞ்சிது."

பிரித்தார். மெஷினுக்குக் கோளாறு வந்தால் பார்க்கிற மெயின்டனன்ஸ் ஃபிட்டர் டாக்டர் ஆனார். இரும்பை உலையில் வேகவைக்கிற ஃபர்னஸ்காரர் சமையல்காரர். கிரேன் ஓட்டுகிறவர் டிரைவர். தப்பான சக்கரத்தைப் பிடிக்கிற இன்ஸ்பெக்டர் போலீஸ். ஃபோர்மேன் ஆசிரியர். அப்ரன்டிஸ் பையன்கள் மாணவர்கள். மெஷினுக்கு வேளாவேளைக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கிற ஆள் நர்ஸ். அந்த ஆளுக்கு மீசை மட்டும் முழ நீளம் இருக்கும்.

"நான் ஏன் நர்ஸு? நான் டாக்டரா இருக்கறன்" என்று மீசைக்காரர் முறைத்தார்.

"ரிப்பேர் பண்ணத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்ப உள்ளத உள்ளபடி சொல்லு. நர்ஸு இல்லன்னா ஆஸ்பத்திரியே இல்ல, தெரிஞ்சிக்க."

மீசைக்காரர் யோசித்தார். பிறகு குனிந்து, அடித்தொண்டையில், "ஜொ-நுன் கன்ஹோசா இம்னிதா" என்றார். மெஸ்ஸே கைதட்டியது.

எல்லோருக்கும் வேலை கொடுத்து முடித்தபோது நான் கேட்டேன். "உங்களுக்கு என்னண்ணே?"

அண்ணன் டேப் ரெக்கார்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஹ்வேசாவொன்னு சொல்லுங்க. கம்பெனி ஊழியர். பொதுவா இருக்கும்" என்றேன்.

"அது கம்பெனி ஆளுங்க சொல்றது தம்பி. நீ சொல்லு. நான் காண்ட்ராக்ட் ஆளு. நாளைக்கே பிரேக்குன்னா போவணும். பொய்யச் சொல்லி உள்ள போனா அந்தப் பொண்ணு மூஞ்சிய எப்டிப் பாப்பன்?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரலில் உற்சாகம் இல்லாததைக் கேட்டேன். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அந்த நாள் வந்தது. ஷெட் முழுக்கக் கழுவிக் கோலம் போட்டு, வாழை கட்டி, மாலையோடு நின்றோம். மேனேஜர் கடைசி நிமிஷத்தில் ஒரு உத்தரவு போட்டார். காண்ட்ராக்ட் ஆட்கள் வரிசையில் நிற்கக் கூடாது, பின்னால் ஸ்கிராப் தொட்டிப் பக்கம் நிற்க வேண்டும். எங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்தவர் இரும்புச் சுருள்களோடு போய் நின்றார். எனக்கு வந்த கோபத்தில் கொரிய மொழி பாதி மறந்துவிட்டது.

மூன்று இன்ஜினியர்கள் உள்ளே வந்தார்கள். மூத்தவர் கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். முதலில் ஃபோர்மேன் இலைபோடும் அளவுக்குக் குனிந்து, "ஜொ-நுன் க்யோசா இம்னிதா" என்றார். மூத்தவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓசூரில் கொரிய மொழி! அவரும் குனிந்தார். ஓர் ஆசிரியரும் வரவேற்க வந்திருக்கிறாரே என்று நினைத்திருப்பார்.

அடுத்தவர் டாக்டர் என்றார். அதற்கும் குனிந்தார். அடுத்தவர் போலீஸ். மூத்தவர் குனிந்தார், ஆனால் பக்கத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சமையல்காரர். பிறகு டிரைவர். பிறகு வரிசையாக மாணவர்கள். மீசைக்காரர் முன்னால் வந்து, மீசை காற்றில் ஆட, தான் ஒரு நர்ஸ் என்று பணிவோடு தெரிவித்ததும், மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, மெதுவாக, கவலையோடு ஆங்கிலத்தில் கேட்டார்:

"வெரி குட் கொரியன். பட்... வேர் இஸ் வொர்க்கர்?"

மேனேஜருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது, ஆனால் அதை விளக்கக் கேசட்டில் பாடம் இல்லை. டாக்டரும் போலீசும் இருக்கிற இடத்தில் மெஷின் ஓட்ட ஆள் இல்லை என்று அவர்கள் திரும்பிப் போய்விட்டால்?

அப்போது ஸ்கிராப் தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு உருவம் ஓடி வந்தது.

"சார்! சார்! ஒன் மினிட் சார்!" அண்ணன் டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். "சார், திஸ் டாக்டர், மெஷின் டாக்டர். மெஷின் ஃபீவர், ஹி கம், மெஷின் ஓகே!" ஸ்பேனர் பிடித்துத் திருகுவதுபோல் காட்டினார். "திஸ் குக் சார். ஐயர்ன் குக். ஐயர்ன் பிரியாணி, எய்ட் ஹண்ட்ரட் டிகிரி!" உலைக் கதவைத் திறந்து சூட்டில் முகம் திருப்புகிற மாதிரி காட்டினார். "திஸ் போலீஸ். பேட் கியர், அரெஸ்ட்!" மீசைக்காரரின் தோளில் கை வைத்தார். "திஸ் நர்ஸ் சார். மெஷின் பேபி, ஆயில் பாத்!"

மூத்த இன்ஜினியர் முதலில் புன்னகைத்தார். பிரியாணியில் சிரிப்பு வெடித்தது. நர்ஸுக்கு வந்தபோது மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் ஒவ்வொருவரின் வேலையையும் உடம்பாலேயே செய்து காட்டினார். அத்தனையும் அவர் எங்கேயோ எப்போதோ செய்த வேலைகள்தானே. வரிசை முடிந்ததும் மூத்தவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் பக்கம் திரும்பி, குனிந்து, கேட்டார்:

"முசுன் இருல் ஹாசிம்னிக்கா?"

கேசட்டில் அந்த அம்மாள் கேட்கிற அதே கேள்வி. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

அண்ணன் குனிந்தார். "ஜொ-நுன்..." என்றார்.

அவ்வளவுதான். நின்றுவிட்டார். எல்லா வேலையும் செய்த மனிதருக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு வேலை இல்லை. குனிந்த முதுகு குனிந்தபடியே இருந்தது. "ஜொ-நுன்..." என்று இன்னொரு தடவை சொன்னார். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இவன யாரு முன்னாடி வரச் சொன்னது?" என்று என் காதருகே சீறினார்.

மீசைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஹ்வேசாவொன்!" என்று அடித்தொண்டையில் கத்தினார். அடுத்த நொடி டாக்டர், போலீஸ், சமையல்காரர், நான், மாணவர்கள், ஃபோர்மேன் எல்லோரும் சேர்ந்து ஷெட்டே அதிரும்படி முடித்துவைத்தோம்.

"ஹ்வேசாவொன் இம்னிதா!"

எங்கள் கம்பெனி ஆள்! அப்படித்தான் கத்தினோம். மூத்தவர், "ஆ, ஹ்வேசாவொன்!" என்று தலையாட்டி, அண்ணனைத் தோளைப் பிடித்து நிமிர்த்தி, நேராகப் புது மெஷின் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு அந்த மெஷினைப் பொருத்திய நாட்களெல்லாம் அண்ணன் இல்லாமல் அவர்களுக்கு எதுவும் ஓடவில்லை. எங்களுக்கு அவர்கள் சொல்வது புரியாது, அவர்களுக்கு நாங்கள் சொல்வது புரியாது. நடுவில் அண்ணன் நின்று கையும் காலும் ஆட்டினால் இரண்டு பக்கமும் புரிந்துவிடும். ஆனால் புது லைனுக்கு இன்னும் ஆள் எடுத்து முடியவில்லை, காண்ட்ராக்டருக்கு இதெல்லாம் கணக்கும் இல்லை. வழக்கமான தேதி வந்ததும், "நாளைலேருந்து பிரேக்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை மூத்த இன்ஜினியர் வந்தார். அண்ணனைக் காணோம். ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். "டெம்பரவரி கம், மெஷின் ஸ்டார்ட்" என்றார். மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் பறந்தார். அண்ணன் அதற்குள் மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "தம்பி, இத்தன நாளு இந்த வேலய உட்டுட்டனே! இதுல எவ்ளோ நுணுக்கம் இருக்குது தெரியுமா?" என்றார் கண்ணீரோடு. வெங்காயக் கண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாய்யா, உடனே கெளம்பு" என்றார் மேனேஜர்.

மெஸ் பாய் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றார். "எங்க கூட்டினு போறீங்க? இவுரு எங்ககிட்ட பர்மனென்ட்."

"என்னது?"

"காலைல சேந்தப்பவே சொல்லிட்டன். எங்க மெஸ்ஸுல டெம்பரவரியே கெடயாது. நீங்க டெம்பரவரியா கூப்ட்டா உட மாட்டன் சார். பர்மனென்ட்டா கூப்டுங்க, அப்ப உடறன்."

மேனேஜர் பாயைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். மெஸ்ஸில் இட்லி தின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். கடைசியில், "சரிய்யா, ஆர்டர் போட்டுடறன். வா" என்றார். அண்ணன் எழுந்தார். போகும்போது பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். பாய், "போ, போ. வெங்காயத்த நானே உரிச்சிக்கறன்" என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

ஆர்டர் கைக்கு வந்ததுமே அண்ணன் ஊத்தங்கரைக்குக் கிளம்பிவிட்டார். தனியாகப் போக வேண்டாம் என்று நானும் கூடப் போனேன். பஸ் கிருஷ்ணகிரி தாண்டியதிலிருந்து அவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வீட்டு வாசலில் பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணனை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க, வாங்க. இப்ப என்ன வேலைங்க?" என்று அதே கேள்வியைக் கேட்டார்.

அண்ணன் பையிலிருந்து ஆர்டரை எடுக்கவில்லை. பதற்றத்தில் எல்லாமே மறந்துவிட்டது போல. இடுப்பிலிருந்து, இலைபோடும் அளவுக்குக் குனிந்து, உரத்த குரலில் சொன்னார்:

"ஜொ-நுன் ஹ்வேசாவொன் இம்னிதா!"

பெரியவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். உள்ளே யாரோ களுக்கென்று சிரிப்பது கேட்டது. அண்ணன் நிமிரவே இல்லை. அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அங்கே வெங்காயம் எதுவும் இல்லை.

நான்தான் முன்னால் போய்ச் சொன்னேன். "பர்மனென்ட் ஆயிட்டாருங்க. அதைத்தான் சொல்றாரு."

பெரியவர் எழுந்து அண்ணனின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். எனக்கும் இடம் காட்டினார். உள்ளேயிருந்து மோர் வந்தது. கொண்டுவந்தவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, அண்ணனைப் பார்த்து, "இவ்ளோ நாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். தேதி வைக்க உட்கார்ந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் நான் ஒருத்தன்தான்.

பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்க மாப்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தம்பிங்க" என்றேன். அது பொய் என்று எனக்கு இன்றுவரை தோன்றியதே இல்லை.